மாநிலங்களவையில் அண்ணா: வாதமுறையும் மாஹிமிலிருந்து ஒரு மறுவாசிப்பும்

தமிழ் உரைநடை வரலாற்றில் பேரறிஞர் அண்ணாவுக்குரிய இடம் பெரும்பாலும் அவருடைய மேடைப்பேச்சு, நாடகம், சிறுகதை, தம்பிக்கு எழுதிய மடல்கள் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்பட்டு வருகிறது. 1962 முதல் 1967 வரை எதிர்க்கட்சி உறுப்பினராக அவர் மாநிலங்களவையில் ஆற்றிய உரைகள் அரசியல் வரலாற்றாசிரியர்களின் சான்றாதாரங்களாகப் பயன்பட்ட அளவிற்கு இலக்கியத் திறனாய்வின் பொருளாகவில்லை. அவை ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை என்பது இதற்குரிய வெளிப்படையான காரணம். ஆங்கிலத்தில் அமைந்ததனாலேயே ஓர் உரை தமிழ் மரபிற்குப் புறம்பானதாகிவிடுமா என்பது எழுப்பப்பட வேண்டிய வினா. அவ்வுரைகளின் வாதமுறை, தமிழில் அவை வழங்கிவரும் வடிவங்களின் நம்பகத்தன்மை, தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்நிலையில் நின்று அவற்றை வாசிக்கும்போது தோன்றும் சிக்கல்கள் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. மும்பையின் மாஹிம், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகள் இம்மறுவாசிப்பிற்குரிய களமாகக் கொள்ளப்படுகின்றன.

திராவிட முன்னேற்றக் கழகம் நாடாளுமன்றத்தில் முதன்முதலாக இடம்பெற்றது 1957-இல். அப்பொழுது ஈ.வெ.கி. சம்பத், இரா. தருமலிங்கம் ஆகிய இருவரே மக்களவைக்குச் சென்றனர். 1962 தேர்தலில் மக்களவையில் 7 இடங்களும் சென்னைச் சட்டமன்றத்தில் 50 இடங்களும் கழகத்திற்குக் கிடைத்தன. ஆயினும் காஞ்சிபுரத்தில் அண்ணா தோல்வியுற்றார். அத்தோல்வியே அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. தம் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் அளித்த வாக்குகளால் தில்லி சென்ற அவர், தாம் பேசவேண்டிய அவையில் தம் கருத்தை ஏற்பவர் மிகச் சிலரே என்பதை நன்கறிந்தே சென்றார். இவ்வெண்ணிக்கைக் குறைவு அவருடைய உரைகளின் நடையைத் தீர்மானித்த முதற்காரணி எனலாம்.

கன்னியுரையின் நடை

1962 மே 1-ஆம் நாள் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது அண்ணா ஆற்றிய கன்னியுரை, திராவிடர்க்குத் தன்னாட்சியுரிமை கோரிய உரை என்றே எங்கும் குறிக்கப்பெறுகிறது. அது சரியே. ஆனால் கோரிக்கையைக் காட்டிலும் அது முன்வைக்கப்பட்ட முறை நோக்கத்தக்கது. தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்று கூறும் அண்ணா, அக்கூற்று வங்காளிக்கோ மராத்தியருக்கோ குசராத்தியருக்கோ எதிரானது அன்று என்பதை உடனடியாகச் சேர்த்துரைக்கிறார். உலகிற்கு வழங்குவதற்குத் திராவிடரிடம் தனித்தன்மையுடைய ஒன்று உண்டு என்பது அவர்தம் அடுத்த கூற்று. ஆகவே பிரிவினை, வெறுப்பின் மொழியில் அன்றிக் கொடையின் மொழியில் பேசப்படுகிறது.

மேடையில் அண்ணாவின் தமிழ் அடுக்குமொழியாலும் எதுகை மோனைகளாலும் இயங்குவது. ஒரு கருத்தை மூன்று நான்கு இணைத்தொடர்களில் ஏற்றி, கேட்போரின் கைத்தட்டலுக்கு இடம்விட்டு, மீண்டும் தொடர்வது அதன் இயல்பு. அவையில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. அவைத்தலைவரை விளித்தே பேச வேண்டும்; நேரம் வரையறுக்கப்பட்டது; கைத்தட்டலுக்கு மாறாகக் குறுக்கீடுகள் வரும். பொதுக்கூட்டத்தில் அண்ணா எதிராளியின் வினாவைத் தாமே எழுப்பித் தாமே விடை கூறுவார். அவையில் வினாவை எதிராளியே எழுப்பினார். மேடையில் அணியாக இருந்த வினாவிடை, அவையில் நிகழ்வாக மாறிவிட்டது. அவைக்குறிப்புகளில் குறுக்கீடு நிகழும் இடங்களில் அண்ணாவின் தொடர்கள் குறுகுகின்றன, நகைச்சுவை கூர்மையடைகிறது, சினம் மட்டும் காணப்படவில்லை. கன்னியுரையைக் குறுக்கிடாமல் கேட்பது அவை மரபு என்பர். அம்மரபு அன்று முழுமையாகப் பேணப்படவில்லை என்பதால் தமிழ் வாசகர்க்கு இழப்பில்லை. அவ்வுரையின் சிறந்த பகுதிகள் குறுக்கீடுகளுக்குப் பிறந்தவையே.

இந்நடை ஒரே நாளில் உருவானது அன்று. பச்சையப்பன் கல்லூரியில் முதுகலை பயின்ற காலம் முதல் ஆங்கிலச் சொற்பொழிவில் அவர் பெற்றிருந்த பயிற்சியும், 1957 முதல் 'ஹோம்லாண்ட்' என்னும் ஆங்கில வார இதழில் எழுதிவந்த பழக்கமும் இதற்கு அடித்தளமாயின. ஆகவே அவருடைய நாடாளுமன்ற ஆங்கிலம் தமிழின் மொழிபெயர்ப்பு அன்று. அது அவருடைய இரண்டாவது நடை.

1963 சனவரி 25-இல் அரசமைப்பின் பதினாறாம் திருத்த முன்வடிவு குறித்து அவர் பேசியபோது சூழல் முற்றிலும் மாறியிருந்தது. 1962 அக்டோபரில் சீனப்போர் மூண்டதும் கழகம் அரசின் போர்முயற்சிக்கு ஆதரவளித்து, பிரிவினைப் பரப்புரையை நிறுத்தி வைத்திருந்தது. அந்நிலையில், நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் பொருட்டுப் பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றின் மீது கட்டுப்பாடு விதிக்கவும், வேட்பாளர்களும் உறுப்பினர்களும் எடுக்கும் உறுதிமொழியில் அதனைச் சேர்க்கவும் இத்திருத்தம் வழிசெய்தது. இறைமை மக்களிடமே உள்ளது என்னும் அரசமைப்பு முகப்புரையின் அடிப்படையில் நின்று அண்ணா வாதிட்டார். சட்டத்தை ஆக்குவோர், அச்சட்டத்திற்குக் காரணமான மனக்குறையை ஆராய்ந்தனரா என்பது அவருடைய மையவினா. 1963 அக்டோபர் 5-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. இவ்வுரையை வீரவுரை எனப் புகழ்வோரும் பின்வாங்கலின் முன்னுரை எனக் குறைகூறுவோரும் உளர். இரண்டும் உரையைப் படியாமல் விளைவை மட்டும் படித்த மதிப்பீடுகள்.

'லாம்' ஈறும் சட்டத்தின் பொருளும்

1963 ஆட்சிமொழிகள் சட்ட விவாதமே அண்ணாவின் நாடாளுமன்றப் பணியில் தமிழாய்வாளர் மிகுதியும் ஆழ்ந்து கற்கவேண்டிய பகுதி. ஏனெனில் அவ்விவாதம் ஒரு துணைவினையின் பொருள் பற்றியது. இந்தியோடு ஆங்கிலமும் 1965 சனவரி 26-க்குப் பின்னர்த் தொடர்ந்து பயன்படுவதற்குரிய மூன்றாம் பிரிவில் 'மே' என்னும் ஆங்கிலத் துணைவினை இடம்பெற்றிருந்தது. 'ஷல்' என இருத்தல் வேண்டும் என்பது இந்தி பேசாத பகுதியினரின் கோரிக்கை. 'மே' என்பதற்கு இவ்விடத்தில் 'ஷல்' என்னும் பொருளே உண்டு என்று பிரதமர் நேரு விளக்கமளித்தார். இரண்டும் ஒன்றாயின் 'ஷல்' என்றே எழுதிவிடலாமே என்பதுதான் எதிர்ப்பாளர் அனைவரும் எழுப்பிய வினா. எளிய வினாதான், விடை கிடைக்கவில்லை.

இச்சிக்கல் தமிழ் இலக்கணத்தில் நின்று நோக்கும்போது மேலும் தெளிவாகிறது. தமிழில் 'தொடரலாம்' என்னும் வடிவம் இசைவையும் குறிக்கும், நிகழக்கூடுமை என்னும் ஐயநிலையையும் குறிக்கும். 'நீ போகலாம்' என்பது இசைவு; 'நாளை மழை பெய்யலாம்' என்பது ஐயம். 'தொடர வேண்டும்' என்பதில் இவ்விருமைக்கு இடமில்லை. 'மே' என்னும் சொல்லைத் தமிழாக்க முனைந்த எவரும் 'லாம்' ஈற்றைத் தவிர்க்க இயலாது. தவிர்க்காதபோது சட்டம் தரும் உறுதி ஐயமாக மாறுவதையும் தவிர்க்க இயலாது. நேருவின் விளக்கம் தமிழில் பெயர்க்க முடியாத ஒன்றாக இருந்தது என்றே கூறவேண்டும். தமிழர் அதனை நம்பாமைக்கு அரசியல் காரணங்களோடு மொழியியல் காரணமும் உண்டு.

1959 ஆகஸ்டு 7-இல் நேரு மக்களவையில் அளித்த உறுதிமொழி, அதாவது இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்பது, சட்டத்தின் வாசகமாக ஆகவில்லை என்பதையே அண்ணாவின் வாதம் சுட்டியது. சொல்லிய மனிதரின் நன்னோக்கம் வேறு, எழுதிய சட்டத்தின் சொல் வேறு. நேரு 1964 மே மாதத்தில் மறைந்தார்; 1965 சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் தமிழகம் மொழிப்போராட்டத்தில் எரிந்தது. மூன்றாம் பிரிவு முழுமையாகத் திருத்தப்பட்டு, இந்தியை ஏற்காத மாநிலச் சட்டமன்றங்களின் தீர்மானமின்றி ஆங்கிலத்தைக் கைவிட இயலாது என்னும் காப்பு சேர்ந்தது 1967 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தால்தான்.

பாடபேதமும் புலியும்

இவ்விடத்தில் மூலபாட ஆய்வு தொடர்பான ஒரு சிக்கலைக் குறிப்பிடுதல் இன்றியமையாதது. இந்தி பேசுவோர் எண்ணிக்கையில் மிகுந்தவர் என்னும் வாதத்திற்கு அண்ணா அளித்ததாக ஒரு மறுமொழி மிகப் பரவலாக வழங்குகிறது. எண்ணிக்கையே அளவுகோலாயின் மயிலைவிடக் காகமே தேசியப் பறவையாகியிருக்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. புலியைவிட எலியே தேசிய விலங்காகியிருக்க வேண்டும் என்பது மற்றொரு பகுதி. நூல்களிலும் மேடைகளிலும் இவ்விரண்டும் இணைத்தே மேற்கோளிடப்படுகின்றன; அவையில் கூறியதா பொதுக்கூட்டத்தில் கூறியதா என்பதும் பிரித்துரைக்கப்படுவதில்லை.

மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது 1963-இன் தொடக்கத்தில். ஆகவே முதற்பகுதி காலத்தோடு பொருந்துகிறது. புலி தேசிய விலங்காக ஏற்கப்பட்டதோ 1972-73 காலத்தில். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3-இல். எனவே புலி தேசிய விலங்கு என்னும் குறிப்போடு வழங்கும் வடிவம் அண்ணாவின் வாய்மொழியாக இருத்தல் இயலாது. அது இடைச்செருகல். ஒரு சங்கப்பாடலில் ஓரெழுத்து மாறினாலும் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காட்டும் மரபுடையது தமிழ்ப் பதிப்புத்துறை. அரைநூற்றாண்டிற்கு முன் அச்சாகி, நாடாளுமன்ற நூலகத்தில் கட்டுமானமாக இருக்கும் அவைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பாராமலே மேற்கோள்களைக் கைமாற்றிக் கொண்டிருப்பது அத்துறைக்குப் பெருமை தருவதாக இல்லை.

இடைச்செருகல் எவ்வாறு நேர்ந்தது என்பதும் சிந்திக்கத்தக்கது. காகமும் மயிலும் என்னும் எடுத்துக்காட்டு ஒன்றே போதுமானது. வாதம் அதனோடு முற்றுப்பெறுகிறது. ஆனால் மேடைத்தமிழ் இணையை விரும்பும். பறவைக்கு விலங்கு, மயிலுக்குப் புலி, காகத்திற்கு எலி என அடுக்கு நிறைவுற்றால்தான் 'அண்ணா நடை' என்னும் எதிர்பார்ப்பு நிறைவேறும். மேடை அண்ணா, அவை அண்ணாவைத் திருத்தி எழுதியிருக்கிறார். அவ்வகையில் அவ்விடைச்செருகல் ஒரு சான்றாகவும் ஆகிறது: தமிழ் மக்கள் அவருடைய நடையின் இலக்கணத்தை எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தனர் என்பதற்குச் சான்று.

மாஹிமிலிருந்து வாசித்தல்

அண்ணாவின் உரைகள் தமிழகத்து வாசகரை மட்டும் கருத்திற்கொண்டு மதிப்பிடப்பட்டமையால் அவற்றில் உள்ள ஒரு மௌனம் கவனம் பெறவில்லை. மாநில எல்லைக்கு வெளியே வாழும் தமிழர் அவ்வுரைகளின் கட்டமைப்பில் எங்கே நிற்கின்றனர் என்பதே அது.

மாஹிம் இரயில் நிலையத்தின் கிழக்கே தாராவி தொடங்குகிறது. மாஹிம் கழியை ஒட்டிய கோலி மீனவர் குடியிருப்பாக இருந்த அவ்விடத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோல் பதனிடும் தொழிலை நாடித் தமிழர் வந்தனர். பின்னர்த் திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினர் பெருந்தொகையில் குடியேறினர். மாட்டுங்காவில் அமைந்தது வேறொரு தமிழகம். அலுவலகப் பணிக்கு வந்த நடுத்தர வகுப்பினர் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிக் கல்விக்கூடங்களை வளர்த்தனர். ஒரு மைல் தொலைவிற்குள் அமைந்த இவ்விரு தமிழகங்களும் ஒன்றையொன்று அறிந்தது குறைவு. இன்று மாஹிம், தாராவி, செம்பூர் மூன்றும் மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகின்றன.

இப்பகுதித் தமிழர் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே பம்பாய் இந்தியைக் கற்றுக்கொண்டனர். இதனைக் காட்டி, இந்தி இயல்பாகவே இணைப்புமொழியாகிவிட்டது, அண்ணாவின் எதிர்ப்பு தேவையற்றது என்று வாதிட இடமுண்டு. ஆனால் இவ்வாதம் நிலைக்காது. அண்ணா எதிர்த்தது சந்தையின் மொழியை அன்று. ஆட்சியின் மொழியையும் அரசுப் பணித்தேர்வின் மொழியையும். தோல் பட்டறையில் தேவைக்குக் கற்ற மொழி, ஒருவனை மற்றொருவனுக்கு இரண்டாந்தரக் குடிமகனாக்குவதில்லை. தேர்வில் ஒருவனுக்குத் தாய்மொழியாகவும் மற்றவனுக்குக் கற்றமொழியாகவும் அமையும்போது அது அவ்வாறு ஆக்குகிறது. தேவையும் கட்டாயமும் வேறுவேறு என்னும் அவருடைய அடிப்படைக்கு மாஹிமே நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் வேறொரு முனையில் அவ்வாதம் தளர்கிறது. அண்ணாவின் கூட்டாட்சிக் கருத்தில் உரிமையின் அலகு நிலப்பரப்பு. திராவிட நாடு என்றாலும் பின்னர் மாநில சுயாட்சி என்றாலும், மொழியினமும் நிலமும் ஒன்றையொன்று மூடுவன என்னும் எடுகோள் அதன் அடியில் உள்ளது. அவர் கன்னியுரை ஆற்றிய நாள், மகாராட்டிர மாநிலம் பிறந்து சரியாக ஈராண்டு நிறைந்த நாள். மொழிவழி மாநிலம் என்னும் கொள்கை பம்பாயில் வென்றதும் அங்கிருந்த தமிழர் ஒரே இரவில் மொழிச்சிறுபான்மையினராயினர். 1966 சூன் 19-இல் தோன்றிய சிவசேனையின் தொடக்ககாலப் பரப்புரை தென்னிந்தியரை இலக்காகக் கொண்டது. மண்ணின் மைந்தர் என்னும் அதன் வாதமும், நிலமே உரிமையின் அலகு என்னும் எடுகோளிலிருந்து எழுந்ததே. இரண்டின் நோக்கமும் முறையும் ஒன்றல்ல; அவற்றைச் சமன்படுத்துவது அநீதி. ஆனால் அவ்வெடுகோளுக்குள் நின்று மாஹிம் தமிழர்க்கு விடைகூற முடியாது என்பதை மறைப்பதும் ஆய்வாகாது.

இக்குறையை மாநிலங்களவையிலேயே முன்னர்ச் சுட்டியவர் ஒருவர் உண்டு. 1951-இல் அமைச்சரவையிலிருந்து விலகி, 1952 தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் தோல்வியுற்று, பம்பாய் மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குச் சென்ற அம்பேத்கரே அவர். அண்ணாவைப் போலவே தேர்தல் தோல்வி அவையில் அமர்த்திய எதிர்க்கட்சிக் குரல் அவருடையது. 1953 செப்டம்பரில் ஆந்திர மாநில முன்வடிவு விவாதத்தில் சிறுபான்மையினர்க்கான காப்புகள் பற்றி வற்புறுத்திய அவர், 1955-இல் வெளியிட்ட மொழிவழி மாநிலங்கள் குறித்த நூலில், மொழிவழி மாநிலத்தில் பெருஞ்சாதி ஒன்று சிறுசாதிகளின் மீது ஆதிக்கம் செலுத்தும் இடரை விளக்கினார். ஒரு மாநிலத்திற்கு ஒரு மொழி என்பதும் ஒரு மொழிக்கு ஒரே மாநிலம் என்பதும் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பம்பாய் நகரைத் தனி மாநிலமாக்கவும் அந்நூலில் முன்மொழிந்தார். மாட்டுங்காவிற்கு அண்மையில், தாதரில் உள்ள அவருடைய இராசகிருகம் இல்லத்திலிருந்து தாராவி தொலைவில் இல்லை.

அம்பேத்கரையும் அண்ணாவையும் இணைத்துப் போற்றும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. ஆட்சிமொழியைப் பொறுத்தவரை அவ்விணைப்பு எளிதன்று. வட்டாரமொழி மாநிலத்தின் ஆட்சிமொழியாகக் கூடாது; இந்தியும், அதற்குரிய காலம் வரும்வரை ஆங்கிலமுமே ஆட்சிமொழியாதல் வேண்டும் என்பது அம்பேத்கர் அந்நூலில் கொண்ட நிலைப்பாடு. அண்ணா இதனை ஏற்றிருக்க மாட்டார். அதே நூலில் வடக்கின் எண்ணிக்கை வலிமையும் தெற்கின் அச்சமும் பற்றி அம்பேத்கர் எழுதியிருப்பதை அண்ணா மகிழ்ந்து ஏற்றிருப்பார். பட்டறையில் உழைக்கும் தாராவித் தமிழருக்கு இவ்விருவரும் வேண்டும். ஒருவர் மொழியின் தகுதிக்கு வாதிட்டார். மற்றவர் அம்மொழிக்குள்ளேயே தகுதி மறுக்கப்பட்டவர்க்காக வாதிட்டார். 1956-இல் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச்சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக்கல்வியைத் தாய்மொழியில் வழங்க மாநிலங்கள் முயலவேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அரசமைப்பின் துணை இப்பிரிவே. மாநில சுயாட்சி பேசுவோர் இதனை மேற்கோள் காட்டுவது அரிது.

பெயர்

அண்ணாவின் அவையுரைகளுள் இலக்கியச் சான்றுகள் வெளிப்படையாக இடம்பெறுவது, சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரும் தனிநபர் முன்வடிவு குறித்த 1963-ஆம் ஆண்டு உரையில். முன்வடிவைக் கொண்டுவந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா. தமிழ்நாடு என்னும் பெயரின் பழமையை நிறுவப் பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றை அண்ணா சுட்டினார். இவற்றுள் சிலப்பதிகாரச் சான்று மிகத் தெளிவானது. வஞ்சிக்காண்டத்துக் காட்சிக்காதையில் அச்சொல் அப்படியே பயில்கிறது. ஆனால் உரையின் ஆற்றல் இச்சான்றுகளில் இல்லை. தலைநகரின் பெயரே மாநிலத்தின் பெயராதல் வேண்டுமாயின் கேரளம் திருவனந்தபுரமாகவும் ஆந்திரம் ஐதராபாத்தாகவும் ஆகவேண்டுமே என்னும் எள்ளலிலும், பெயர் மாற்றத்தால் என்ன பயன் என்று கேட்டவரிடம் நாடாளுமன்றத்தை லோக்சபை என்றும் குடியரசுத் தலைவரை ராஷ்டிரபதி என்றும் அழைத்ததால் நீங்கள் பெற்ற பயன் யாது என்று திருப்பிக் கேட்ட எதிர்வினாவிலும் உள்ளது. பயன் மனநிறைவே என்பது அவ்வெதிர்வினாவில் தொக்கிநின்ற விடை. அதனை எதிர்த்தரப்பு மறுக்கவியலாது, ஏனெனில் தன் பெயர்மாற்றங்களுக்கு அதற்கும் வேறு விடை இல்லை.

முன்வடிவு தோற்றது. சங்கரலிங்கனார் 1956-இல் இக்கோரிக்கைக்காக உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்து ஏறத்தாழ ஏழாண்டுகள் அப்போது ஆகியிருந்தன. அண்ணா முதலமைச்சரான பின் 1967 சூலை 18-இல் சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறி, 1969 சனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. சட்டப்புத்தகத்திலிருந்து 'மதராஸ் மாநிலம்' நீங்கியது. மாஹிமிலும் தாராவியிலும் மட்டும், கன்னடரும் மலையாளியும் தெலுங்கரும் தமிழரும் பின்னரும் பல்லாண்டுகள் 'மதராஸி' என்னும் ஒரே பெயராலேயே அழைக்கப்பட்டு வந்தனர்.